‘ஃபண்டு வரவில்லை’ என்றால் எங்கிருந்து வரவில்லை? தீருதவிப் பணம் சட்டமாகி நம் கைக்கு வரும் வழி

வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பம் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் கேட்டுத் திரும்பும் பதில் பெரும்பாலும் இரண்டே சொல்தான்: “ஃபண்டு வரவில்லை.” இந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கிருந்து வரவில்லை, யார் அனுப்பியிருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் அனுப்பியிருக்க வேண்டும் என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்கத் துணிவில்லாமல் அல்ல. அரசுப் பணம் எந்த வழியில் புறப்பட்டு, எந்தெந்த வாசலைக் கடந்து, நம் காலனிக்கு வருகிறது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

பட்ஜெட் நாளில் தொலைக்காட்சியில் “ஆதிதிராவிடர் நலனுக்கு இத்தனை கோடி” என்று எழுத்து ஓடுகிறது. அந்தக் கோடி சட்டமாவது எப்போது, அரசாணையாவது எப்போது, கருவூலத்தை அடைவது எப்போது என்பதெல்லாம் தலைப்புச் செய்தியில் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம், பழங்குடியினர் 1.10 சதவீதம். நம் திருவாரூர் மாவட்டத்தில் நூறு பேருக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். இப்படிப்பட்ட மாவட்டத்தில் அரசின் செலவுச் சட்டம் எப்படி உருவாகிறது என்பது வக்கீல்களும் அதிகாரிகளும் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

பட்ஜெட் உரை சட்டம் அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நிதியமைச்சர் பேரவையில் படிக்கும் உரை ஓர் அறிவிப்பு. அதை நம்பி ஒரு ரூபாயைக்கூடக் கருவூலத்திலிருந்து எடுக்க முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 204-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: சட்டப்படி ஒதுக்கப்பட்டால் அன்றி, மாநிலத்தின் தொகு நிதியிலிருந்து பணம் எடுக்கக் கூடாது. மாநில அரசுக்கு வரும் வரி, கட்டணம், வாங்கும் கடன் எல்லாம் போய்ச் சேரும் பெரிய பெட்டிதான் தொகு நிதி. அந்தப் பெட்டியின் சாவி முதலமைச்சரிடமோ நிதித்துறைச் செயலாளரிடமோ இல்லை. 234 உறுப்பினர்களைக் கொண்ட சட்டப்பேரவையிடம் இருக்கிறது. அந்த 234-இல் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும் 2 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. நம் மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டி அப்படிப்பட்ட தனித் தொகுதி.

சாவியைத் திருப்பும் வேலை நான்கு படிகளில் நடக்கிறது. 202-ஆவது பிரிவின்படி, வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் பேரவை முன் வைக்கப்படுகிறது. அதன் மீது பொது விவாதம் நடக்கிறது. பின்னர் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. கடைசியாக, நிறைவேறிய கோரிக்கைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு கொண்டுவரப்படுகிறது. அது நிறைவேறி ஆளுநரின் ஒப்புதல் பெற்றால்தான் சட்டம். பெட்டி திறப்பதும் அப்போதுதான்.

கோரிக்கை எண் 4

ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய பணத்தை ஒரு கோரிக்கையாகப் பேரவை முன் வைக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கோரிக்கை எண் 4. நம் பிள்ளைகளின் விடுதி, நலத்துறைப் பள்ளிகள், கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கான பணத்தில் பெரும்பகுதி இந்த எண்ணின் கீழ் வருகிறது. இயற்கைச் சீற்றங்களுக்கான துயர் தணிப்புக்குத் தனிக் கோரிக்கையே உண்டு. அதன் எண் 51.

கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்களுக்குத் தரப்படுகிறது. கடந்த ஆண்டு என்ன செய்தோம், இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம் என்று துறை தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் கணக்கு அது. தமிழிலேயே அச்சிடப்படுகிறது. இணையத்திலும் கிடைக்கிறது. நம் இயக்கத் தோழர்கள் ஆண்டுதோறும் தவறாமல் படிக்க வேண்டிய புத்தகம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இந்த விவாதத்தில் சட்டமன்ற உறுப்பினரின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? 203-ஆவது பிரிவின்படி பேரவை ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரையோடு, அதாவது அமைச்சரவையின் முடிவோடு, வந்தால்தான் எந்தக் கோரிக்கையும் பேரவைக்கு வர முடியும். ஆகவே “தீருதவிக்கு இன்னும் பத்துக் கோடி சேருங்கள்” என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர வழியில்லை. அதற்குப் பதில் அவர் செய்யக்கூடியது வெட்டுத் தீர்மானம். மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அதற்குக் காரணமாகத் தன் குறையைச் சொல்வது. நூறு ரூபாயைக் குறைப்பது அவர் நோக்கமல்ல. “என் தொகுதியில் இத்தனை குடும்பங்களுக்குத் தீருதவி வரவில்லை” என்பதை அவைக் குறிப்பில் ஏற்றி, அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பதுதான் நோக்கம்.

இங்கே ஒரு பழைய வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருக்களையும் கிணறுகளையும் குளங்களையும் தாழ்த்தப்பட்ட மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். அது அரசாணையாகவும் வந்தது. உரிமை காகிதத்தில் ஏறி நூறாண்டு கடந்த பிறகும் தெருவுக்காகவும் தண்ணீருக்காகவும் வழக்கு நடக்கிறது. எழுதிய உரிமையைச் செயல்படுத்த ஆளும் பணமும் கண்காணிப்பும் பின்னால் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி. அந்த ஆய்வு 1925-இல் நூலாக வந்தது. நம் தலைவர் கஜானாக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் அரசியலமைப்பை எழுத உட்கார்ந்தார்.

சட்டமுன்வடிவு சட்டமாகும் நாள்

எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறியதும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வருகிறது. இந்தச் சட்டமுன்வடிவைக் கையில் எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சட்ட வாசகங்கள் சில வரிகள்தான். மற்றதெல்லாம் அட்டவணை. கோரிக்கை எண், எதற்காக, பேரவை வாக்களித்த தொகை எவ்வளவு, வாக்கெடுப்புக்கு உட்படாத தொகை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று வரிசையாக எண்கள். ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், கடனுக்கான வட்டி போன்றவை வாக்கெடுப்பு இல்லாமலே தொகு நிதியில் சாரும் செலவுகள். அவற்றை விவாதிக்கலாம், மறுக்க முடியாது. நம் பிள்ளைகளின் விடுதிச் சாப்பாடு அந்தப் பட்டியலில் இல்லை. அது ஆண்டுதோறும் வாக்கெடுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இந்தக் கட்டத்தில் தொகையை மாற்றும் திருத்தம் எதையும் கொண்டுவர முடியாது. அதனால் பேச வேண்டியதைக் கோரிக்கை விவாதத்திலேயே பேசியிருக்க வேண்டும். சட்டமுன்வடிவு வந்த நாளில் விழித்துக்கொண்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

தமிழ்நாட்டில் சட்டமன்ற மேலவை 1986-இல் கலைக்கப்பட்டுவிட்டது. எனவே பேரவை நிறைவேற்றியதும் நேராக ஆளுநரிடம் போகிறது. நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உண்டு. அங்கும் பண மசோதா என்றால் மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், தடுக்க முடியாது. நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு 199-ஆவது பிரிவின்படி பண மசோதா. மற்ற மசோதாக்களை ஆளுநர் மறுபரிசீலனைக்கு என்று பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். பண மசோதாவை அப்படித் திருப்பி அனுப்ப 200-ஆவது பிரிவு இடம் தரவில்லை. ஆகவே “ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை, அதனால் உங்கள் பணம் நிற்கிறது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிதியாண்டின் நடுவே துயரம் வந்தால்

பட்ஜெட் ஆண்டுக்கு ஒருமுறை. புயலும் நோயும் நாள் பார்த்து வருவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நிதியாண்டு பாதிக்கு மேல் ஓடியிருந்தது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் குடிசைகளும் தென்னைகளும் ஒன்றாகச் சாய்ந்தன. இப்படிப்பட்ட வேளைக்கு அரசிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் அமைந்த இந்த நிதியில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு 75 பங்கும் மாநில அரசு 25 பங்கும் போடுகின்றன. இரண்டாவது, 267-ஆவது பிரிவின்படி ஆளுநர் பொறுப்பில் இருக்கும் எதிர்பாராச் செலவு நிதி. பேரவை கூடும்வரை காத்திருக்க முடியாத செலவுக்கு இதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். மூன்றாவது, 205-ஆவது பிரிவின்படி துணை மானியக் கோரிக்கை. பேரவையில் மீண்டும் வாக்கெடுப்பு, மீண்டும் ஒரு நிதி ஒதுக்கச் சட்டம். எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எடுத்த முன்பணமும் பின்னர் இதே வழியில் பேரவையின் ஒப்புதல் பெற்று ஈடுகட்டப்பட வேண்டும்.

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆண்டு. பிப்ரவரி 23-இல் இடைக்கால பட்ஜெட் வந்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் முழுச் செலவுக்கும் ஒப்புதல் வாங்காமல், சில மாதச் செலவுக்கு மட்டும் 206-ஆவது பிரிவின்படி முன்பண மானியம் பெறுவார்கள். தேர்தல் முடிந்து மே 7-இல் புதிய அரசு பொறுப்பேற்ற அன்றே, அரிசி அட்டைதாரர்களுக்குக் கொரோனா நிவாரணமாக 4,000 ரூபாய் என்ற ஆணையில் கையெழுத்தானது. 2.07 கோடி அட்டைகள், முதல் தவணைக்கு மட்டும் ஏறத்தாழ 4,153 கோடி ரூபாய். முதல் தவணை 2,000 ரூபாய் அந்த மே மாதமே ரேஷன் கடைகளில் கைக்கு வந்தது. இரண்டாம் தவணை ஜூனில் வந்தது. திருத்திய பட்ஜெட் பேரவைக்கு வந்தது அதன் பிறகு, ஆகஸ்ட் 13-இல். துறைவாரி விவாதங்களும் ஒப்புதலும் அதற்கும் பின்னரே.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அரசு மனம் வைத்தால், முழு பட்ஜெட் இல்லாத காலத்திலும், ஊரடங்கின் நடுவிலும், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சில வாரங்களில் பணம் கொடுக்க முடியும். அரசியலமைப்பு அதற்குத் தடை சொல்லவில்லை. அப்படியானால், ஒரு மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களுக்குத் தீருதவி கொடுக்க “ஃபண்டு வரவில்லை” என்பது எப்படிப் பதிலாகும்?

தீருதவி: சட்டமே கட்டளையிட்ட செலவு

நிதி ஒதுக்கச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது செலவு செய்ய அனுமதி தருகிறது. செலவு செய்தே ஆக வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. ஒதுக்கிய தொகையைத் தாண்டக் கூடாது என்பது அதன் எல்லை. ஒதுக்கியதைச் செலவழிக்காமல் விட்டால் அந்தச் சட்டத்தின்படி யாரும் குற்றவாளி ஆவதில்லை. நம் பணம் ஆண்டுதோறும் முடங்கிப் போவதற்கு இந்த இடைவெளிதான் வசதி செய்து தருகிறது.

ஆனால் தீருதவி அப்படிப்பட்ட செலவல்ல. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இன் கீழ் வந்த 1995-ஆம் ஆண்டு விதிகள் அதைக் கட்டளையாகவே எழுதியிருக்கின்றன. விதி 14, பாதிக்கப்பட்டோருக்கான தீருதவிக்கும் மறுவாழ்வுக்கும் மாநில அரசு தன் ஆண்டு பட்ஜெட்டில் தேவையான நிதியை வைத்தே ஆக வேண்டும் என்கிறது. விதி 12(4), பணமாகவோ பொருளாகவோ இரண்டுமாகவோ 7 நாட்களுக்குள் தீருதவி வழங்க வேண்டும் என்கிறது. விதி 12(4ஏ), இந்தத் தொகையைக் கருவூலத்திலிருந்து உடனே எடுக்க மாவட்ட ஆட்சியருக்கு மாநில அரசு அதிகாரம் வழங்கலாம் என்கிறது. அதாவது, ஒவ்வொரு வழக்குக்கும் சென்னைக்குக் கோப்பு எழுதிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கான வழியை விதியே காட்டிவிட்டது.

செலவிலும் மாநிலம் தனியாக இல்லை. இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் செலவில், மாநிலம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு மேற்பட்ட தொகையை ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. ஒன்றியத்தின் பங்கு நாடாளுமன்றத்தின் நிதி ஒதுக்கச் சட்டம் வழியாகவும் மாநிலத்தின் பங்கு பேரவையின் நிதி ஒதுக்கச் சட்டம் வழியாகவும் வருகின்றன. ஆகவே “ஃபண்டு வரவில்லை” என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பங்கு வரவில்லை?

தொகையைப் பாருங்கள். 2016 ஏப்ரல் 14-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை. தமிழ்நாடு அரசு 2021-இல் இதைக் குறைந்தபட்சம் 1 லட்சம், அதிகபட்சம் 12 லட்சம் ரூபாய் என்று உயர்த்தியது. இந்த உயர்வுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அரசாணை போதும். ஆனால் உயர்த்திய தொகைக்கு ஏற்பக் கோரிக்கை எண் 4-இல் பணமும் உயர வேண்டும். அரசாணை உயர்ந்து ஒதுக்கீடு உயராவிட்டால், குடும்பங்களின் எண்ணிக்கை மாறாமலே பற்றாக்குறை பிறக்கும். உயர்வை வரவேற்றுச் சுவரொட்டி ஒட்டிய நாம் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொகை ஒரே தவணையில் வருவதில்லை. கொலை வழக்கில் பாதித் தொகை பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு, மீதிப் பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை போனதும் 50 சதவீதம், தண்டனை கிடைத்ததும் 25 சதவீதம். புலனாய்வை முடித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி 7. காவல் துறை அதை இழுத்தடித்தால் வழக்கு மட்டும் தேங்குவதில்லை, இரண்டாம் தவணையும் தேங்குகிறது. கோப்பு ஆட்சியர் அலுவலகத்தில் நிற்கிறதா, துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு மனுப் போட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

கொலை போன்ற கொடிய வழக்குகளில் தொகையோடு முடிவதில்லை. இறந்தவரின் மனைவிக்கோ சார்ந்திருப்போருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, தேவைப்பட்டால் நிலம், வீடு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு, பாத்திரம் ஆகியவையும் விதியில் உண்டு. பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. முதல் தவணைக் காசோலையை வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

789 என்ற எண்

கோரிக்கை எண் 4 மட்டுமே நம் பணம் அல்ல. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80-இல் தொடங்கியது. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, திட்டச் செலவிலும் அவ்வளவு பங்கு நமக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. இந்தப் பணம் பல துறைகளின் கோரிக்கைகளில் சிதறிக் கிடக்கிறது. தேடிப் பிடிக்க ஒரு குறி இருக்கிறது. பட்ஜெட் புத்தகத்தில் 789 என்ற சிறு தலைப்பின் கீழ் வருவது பட்டியல் சாதியினர் துணைத்திட்டப் பணம். 796 என்பது பழங்குடியினர் துணைத்திட்டம். எந்தத் துறையின் கோரிக்கையை எடுத்தாலும் இந்த இரண்டு எண்களைத் தேடுங்கள்.

இத்தனை காலமும் இது வெறும் கொள்கையாக, வழிகாட்டுதலாக இருந்தது. பொதுத் திட்டத்தில் நம் மக்களும் பயன்பெறுகிறார்கள் என்று கணக்குக் காட்டி, சாலைக்கும் பாலத்துக்கும் ஒரு பங்கை நம் பெயரில் எழுதுவது பழைய புகார். இதைச் சட்டமாக்க வேண்டும் என்ற குரலுக்கு முதலில் செவிசாய்த்தது ஒன்றுபட்ட ஆந்திரம், 2013-இல். அதே ஆண்டு கர்நாடகமும் சட்டம் இயற்றியது. அங்கும் ஓட்டை விழுந்தது. 7(டி) என்ற பிரிவைக் காட்டிப் பொதுச் செலவையும் பட்டியல் சாதியினருக்கான செலவாகக் கருதினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2023-இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2024-இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்தது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ற ஒதுக்கீடு இப்போது சட்டக் கடமை. கர்நாடகத்தின் பத்தாண்டு அனுபவம் நமக்குச் சொல்வது இதுதான்: சட்டம் வந்தபின்தான் கணக்குப் பார்க்கும் வேலை தொடங்குகிறது.

மார்ச் 31

நிதி ஒதுக்கச் சட்டத்தின் ஆயுள் ஓராண்டு. மார்ச் 31 நள்ளிரவோடு அந்தச் சட்டம் கொடுத்த அனுமதி முடிந்துவிடுகிறது. செலவாகாத பணத்தைத் துறைகள் அதற்குள் நிதித்துறைக்குத் திருப்பி ஒப்படைக்கின்றன. ஜனவரியில் கேட்டால் “அனுமதி வர வேண்டும்” என்பார்கள். பிப்ரவரியில் “திருத்திய மதிப்பீட்டில் குறைத்துவிட்டார்கள்” என்பார்கள். ஏப்ரலில் “புது ஒதுக்கீடு வர வேண்டும்” என்பார்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அக்டோபரிலேயே கேட்டிருந்தால் இந்த மூன்றுமே எழுந்திருக்காது.

செலவுக் கணக்கை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் தணிக்கை செய்கிறார். அந்த அறிக்கையைப் பேரவையின் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, திருப்பி ஒப்படைத்தது எவ்வளவு என்ற மூன்று எண்களும் அங்கே பதிவாகின்றன. பணம் போன பிறகு வரும் கணக்கு இது என்றாலும், அடுத்த ஆண்டு பேச ஆதாரம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

எங்கே, எப்படிக் கேட்பது

ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். இது விதி 17. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் நம் சமூகத்தைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்களும் அதில் உண்டு. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். இது விதி 16. நம் மாவட்டக் குழு இந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, எத்தனை வழக்குகளில் தீருதவி நிலுவை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுக்கும்போது “உதவி செய்யுங்கள்” என்று எழுத வேண்டாம். முதல் தகவல் அறிக்கை எண், தேதி, எந்தத் தவணை நிலுவை, விதி 12(4)-இன்படி 7 நாள் எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதுங்கள். மனு பெற்றதற்கான ரசீதை வாங்கி வையுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஓர் அரசு ஊழியர் இந்தச் சட்டத்தின் கீழான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால், துறை விசாரணையின் பரிந்துரைப்படி 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்பது அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு. மிரட்டுவதற்காக அல்ல, நாம் கேட்பது சலுகை அல்ல என்பதை நினைவூட்டுவதற்காக இதைச் சொல்லலாம்.

அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே, மாவட்டத்தில் நிலுவையில் உள்ள தீருதவிப் பட்டியலை வட்ட வாரியாகத் தொகுத்து நம் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவர் கையிலும் சேர்க்க வேண்டும். தனித் தொகுதி உறுப்பினரிடம் மட்டுமல்ல, பொதுத் தொகுதி உறுப்பினர்களிடமும்தான். நூற்றுக்கு 34 பேர் வாக்களிக்கும் மாவட்டத்தில், கோரிக்கை எண் 4 பேரவையில் எடுத்துக்கொள்ளப்படும் நாளில் எந்த உறுப்பினர் எழுந்து பேசினார், எவர் பேசவில்லை என்பது அவைக் குறிப்பில் இருக்கும். அதை வாங்கிப் படித்து, ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவோம்.